கதவோரப் பெட்டிகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

இதைச் சொல்வது நான், சின்னப்பையன். எழுதுவது சத்யகலா. எனக்கு எழுத்து வராது, கைநாட்டுதான். எழுபத்து மூன்று வயதுக்காரனுக்கு இப்படி ஒரு பெயரா என்று இங்கே உள்ள பெண்கள் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் அண்ணனுக்குப் பின்னால் பிறந்தவன் சின்னப்பையன். நூறு வயதானாலும் சின்னப்பையன்தான்.

பாலக்கோட்டை விட்டு வெளியே வந்தால், சாலையோரம் ஒரு பழைய பட்டுப்புழுக் கொட்டகை இருக்கிறது. அதை வாடகைக்கு எடுத்து மூன்று பெண்கள் தக்காளித் தொக்கு போடுகிறார்கள். மூவரும் தருமபுரிப் பயிற்சி நிலையத்தில் முப்பது நாள் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள். மாதேஸ்வரி தலைமை. கோமளாவுக்கு அடுப்பும் லேபிளும். சத்யகலாவிடம் சரக்கறைச் சாவியும் இருப்புப் புத்தகமும். நான் காவல். முன்னறையில் படுத்துக்கொள்கிறேன். வண்டி வந்தால் பெட்டி ஏற்றிவிடுவதும் நான்தான்.

இவர்களுக்குப் பயிற்சி கொடுத்த எப்சிபா மேடம் போன வாரம் வந்து பார்த்தார். வேலை செய்கிறவர் எல்லாரும் அன்றாடம் நோட்டு எழுத வேண்டும், உணவுத் தொழிலில் எழுதாதது நடக்காதது என்றார். பாத்திரம் கழுவியது வாயால் சொன்னால் செல்லாதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. காவலுக்கும் நோட்டு உண்டு என்று ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அதனால் சாயங்காலம் வேலை முடிந்து, ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு முன்னால், சத்யகலா தக்காளிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நான் பேசுகிறபடி எழுதுவதில்லை, புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றிவிடுகிறாள். ஏன் என்றால், பெரிய மனுசன் நோட்டு, மரியாதையாக இருக்கட்டும் என்கிறாள். வியாழக்கிழமைதோறும் மாதேஸ்வரி எல்லா நோட்டிலும் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்று நாற்பது கிரேட் தக்காளி வந்தது. பூட்டு சரி. வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பூட்டு சரி. நாய் ஒன்று உள்ளே வரப் பார்த்தது. விரட்டினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தக்காளி விலை விழுந்து கிடக்கிறது. பறிக்கிற கூலிக்கும் கட்டாது என்று சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அப்படிக் கொட்டுவதற்கு முன்னால் நல்லதாக வாங்கி வருகிறாள் மாதேஸ்வரி. மூன்று தொட்டித் தண்ணீரில் மாற்றி மாற்றிக் கழுவி, வெந்நீரில் போட்டுத் தோல் உரித்து, அரைத்து, புளியும் மிளகாயும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கோமளா கிண்டுகிறாள். சூடு ஆறாமல் பாட்டிலில் ஊற்றி, மூடி, தலைகீழாக நிறுத்துகிறார்கள். வரிசையாக நிற்கிற பாட்டில்களைப் பார்த்தால் பிள்ளைகள் தண்டனையில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

மிளகாய் நெடி ஏறினால் சத்யகலாவுக்கு இருமல் வந்துவிடும். அவள் பதினேழு வயதில் நூல்மில்லுக்குப் போனவள். மூன்று வருடம் விடுதியில் இருந்து வேலை பார்த்தாள். பஞ்சு நெஞ்சில் இறங்கிவிட்டது. திரும்பி வந்தவளை மறுபடி அனுப்ப அவள் அண்ணன் நாள் பார்த்துக்கொண்டிருந்தான். பயிற்சிக்குப் போகிறேன் என்று அவனிடம் ஆறு மாதத் தவணை வாங்கி வந்திருக்கிறாள். இங்கே நிலைத்தால் இங்கே, இல்லையென்றால் மில். இதை எழுத வேண்டாம் என்றாள். என் நோட்டு, நான் சொல்கிறேன், எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று ஒரு ஈடு கெட்டது. கெட்டது என்றால் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ருசியும் குறைவில்லை. புளிப்பு போதாதாம். புளிப்பைச் சொல்கிற கருவி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் நாலரைக்குக் கீழே நிற்க வேண்டிய எண் ஐந்தை ஒட்டி நின்றதாம். இன்று வந்த பழம் அளவுக்கு மீறிப் பழுத்த இனிப்புப் பழம். கோமளா வழக்கமான புளியையே போட்டிருக்கிறாள். புளிப்பு குறைந்தால் மூடிய பாட்டிலுக்குள் விஷம் கூட வளரும் என்று மேடம் சொல்லிக்கொடுத்திருக்கிறாராம். ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வரும்வரை அந்தப் பெட்டிகள் வெளியே போகக் கூடாது. சன்னலோரம் அடுக்கி, மேலே ஒரு காகிதம் எழுதி ஒட்டினார்கள்.

விற்பனைக்கானது கதவோரம், ஆகாதது சன்னலோரம். சத்யகலா எனக்குச் சொன்னாள். கோமளா சும்மா இருக்காமல், தாத்தாவுக்குக் காகிதம் படிக்கத் தெரியாது, ஆகாத பெட்டியில் சிவப்புத் துணி கட்டிவிடலாம் என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தெட்டு வருடம் தக்காளி மண்டியில் மூட்டை தூக்கியவன் நான். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் ஒரு மழை. நாற்பத்திரண்டு பேர் கொண்டுவந்த கூடைகள், சீட்டெல்லாம் நனைந்து கூழாகிவிட்டது. எவன் கூடை எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அடிதடி ஆகிற நேரம். நான் முதல் கூடையிலிருந்து கடைசிக் கூடைவரை பேர் சொன்னேன். ஒன்று தப்பவில்லை. மண்டிக்கார கரீம் பாய் எல்லார் முன்னாலும் ஒரு புதுச் சிவப்புத் துண்டை என் தோளில் போட்டு, எழுதிய சீட்டு நனையும், சின்னப்பையன் நனையமாட்டான் என்றார். அந்தத் துண்டு இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

இதைச் சொல்லி, “எனக்குத் துணி கட்டித்தான் காட்டணுமா கண்ணு? இடத்தச் சொல்லு, போதும்” என்றேன். கோமளா துணி கட்டவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடுமுறை. இதைத் திங்களன்று சொல்லி எழுதுகிறேன். ரத்த அழுத்த மாத்திரை அட்டை இந்த மாதம் பத்து நாளிலேயே பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. மருந்துக்கடைக்காரன் குறைத்துக் கொடுத்திருப்பான். போய்க் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்று இரவெல்லாம் மழை. சன்னல் வழியாகச் சாரல் அடித்துத் தரை நனைந்துவிட்டது. காலையில் சத்யகலாவும் கோமளாவும் பெட்டிகளை இடம் மாற்றினார்கள். விற்பனைக்குப் போவது பலகைமேல்தான் இருக்க வேண்டுமாம். பலகை போட பின்சுவரோரம்தான் இடம் இருந்தது. அதனால் நல்ல பெட்டிகள் பின்சுவருக்குப் போயின. சன்னலோரம் இருந்த ஆகாத பெட்டிகள் கதவோரம் வந்தன. கோமளா சன்னலுக்குச் சாக்கு கட்டப் போனாள். சத்யகலா என்னைக் கூட்டிக்கொண்டு போய், இனிமேல் கதவோரம் இருப்பது போகக் கூடாது, பின்சுவரோரம் இருப்பதுதான் போகும் என்று காட்டினாள். மூன்று தடவை சொன்னாள். ஒரு தடவை சொன்னால் போதாதா என்றேன்.

மருந்துக்கடைக்காரனிடம் சண்டை போட்டேன். முழு அட்டைதான் கொடுத்தானாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாதேஸ்வரி கையெழுத்துப் போட்டாள். நின்றபடியே நாலு நோட்டிலும் போட்டாள்.

இன்று சத்யகலாவுக்கு மண்டிக் கதை ஒன்று சொன்னேன். இவளுக்கு இதுவரை சொன்னதில்லை. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் மழை. நாற்பத்திரண்டு பேர் கூடைகள். சீட்டெல்லாம் கூழ். முதல் கூடையிலிருந்து கடைசிக் கூடைவரை நான் பேர் சொன்னேன். எழுதிய சீட்டு நனையும், சின்னப்பையன் நனையமாட்டான் என்று கரீம் பாய் சிவப்புத் துண்டு போட்டார்.

அவள் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். எழுது என்றேன். எழுதினாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தருமபுரி பஸ் நிலையக் கடைக்கு நாலு பெட்டி போனது. மாதேஸ்வரியும் சத்யகலாவும் பயிற்சி நிலையத்துக்குப் போயிருந்தார்கள். கோமளா அடுப்பை விட்டு நகர முடியாது. தொக்கு அடிபிடித்துவிடும். சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். நானே திறந்து, ஏற்றி, பூட்டினேன். முதுகு வலிக்கவில்லை.

சத்யகலா ஐந்தரைக்குத்தான் வந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சரக்கு போனதா என்று கேட்டாள். போனது என்றேன். அறைக்குள் போகாமலே இருப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள். இதையும் நாலு வரிதான் எழுதினாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கடைக்காரர் போன் செய்தார். தொக்குப் பாட்டில்களின் மூடி மேலே உப்பி நிற்கிறதாம். ஒன்று அலமாரியிலேயே வெடித்துச் சுவரெல்லாம் சிவப்பாம்.

மாதேஸ்வரி போனை வைத்துவிட்டு சரக்கறைக்கு ஓடினாள். பின்சுவரோரம் பெட்டி எல்லாம் அப்படியே இருந்தது. கதவோரம் நாலு குறைந்திருந்தது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோமளாவுக்கு அழுகை வந்தது. மேலே ஒட்டியிருந்த காகிதம் ஐந்தாவது பெட்டியின் மேல் கிடந்தது. போகக் கூடாது என்று எழுதியிருக்கிறதாம்.

மாலைக்குள் கடையிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. பதினொரு பாட்டில் விற்றுப்போயிருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எப்சிபா மேடம் வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம். எப்படிப் போனது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அதிகாரிக்கு அறிக்கை போக வேண்டுமாம். யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை என்று அதில் இருக்க வேண்டுமாம்.

என்னைக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். நல்ல சரக்கு கதவோரம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், அதிலிருந்து எடுத்தேன். இடத்தை மாற்றியது எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஏன் எடுக்கிறேன்? முப்பத்தெட்டு வருடம் ஒரு கூடை மாற்றி வைத்ததில்லை.

மாதேஸ்வரி சத்யகலாவைப் பார்த்தாள். “நீ தாத்தாகிட்ட சொல்லலியா?”

சத்யகலா என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“மறந்துட்டங்கா.”

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் எழுத உட்கார்ந்தபோது நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். சின்ன வயது, ஆயிரம் வேலை, மறப்பது சகஜம். எல்லாருக்கும் என்னைப் போல ஞாபகம் இருக்குமா? அதையும் எழுது என்றேன். அவள் எழுதுகிறாள். இருமல் இன்று அதிகம்.

ஆகஸ்ட் 23, சனி

மூன்று பெண்களும் பதினொரு பாட்டிலைத் தேடிப் போனார்கள். கடைக்காரருக்கு முகம் தெரிந்தவர்கள் சிலர், போன் நம்பர் வைத்திருந்தவர்கள் சிலர். பஸ் நிலையத்தில் அட்டையில் எழுதி வைத்தார்கள். ஒன்பது பாட்டில் கிடைத்துவிட்டது. ஒரு வாத்தியார் வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. இவர்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மாதேஸ்வரி தண்ணீர் குடித்தாளாம்.

இரண்டு பாட்டில் எங்கே போனது என்று தெரியவில்லை. பஸ் ஏறிப் போயிருக்கும். எந்த ஊரோ, யார் வீட்டு அடுப்படியோ.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரண்டு பாட்டில்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மாதேஸ்வரி முடிவு சொல்லிவிட்டாள். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. சரக்கறைப் பொறுப்பில் இருந்தவரை நீக்கிவிட்டோம் என்று எழுதினால்தான் உரிமம் தப்பும் என்று அதிகாரி அலுவலகத்தில் சொன்னார்களாம். இன்றோடு சத்யகலாவுக்கு இங்கே வேலை இல்லை. அவள் பங்கைப் பிறகு கொடுத்துவிடுவார்களாம்.

அவள் சாவியைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். வியாழக்கிழமை விடியற்காலை மில் பஸ் அவள் ஊருக்கு வருகிறது. அண்ணன் பேர் கொடுத்துவிட்டானாம்.

இருந்தும் ஐந்து மணிக்கு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்கு வேண்டாம் என்றேன். இருக்கட்டும் தாத்தா, கடைசிப் பக்கம் என்றாள். நான் சொன்னேன்: சத்யகலா நல்ல பெண். ஒரே ஒரு நாள் மறந்தாள். அதற்கு இவ்வளவு பெரிய தண்டனை கூடாது. இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் நோட்டின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்து, மிச்சத்தை எழுதுகிறாள்.

மாத்திரையைக் காலையில் ஒன்றுதான் போட வேண்டும், போட்டதும் அட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எழுதுவது கோமளா. இவள் கொட்டை எழுத்து எழுதுகிறாள். முகம் இப்போது சிவந்திருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

ஐந்து மணிக்கு உட்கார்ந்ததும் நான் இவளுக்கு மண்டியில் பெய்த மழையைப் பற்றிச் சொன்னேன். நாற்பத்திரண்டு பேர் கூடைகள் என்று ஆரம்பித்ததுமே, சிவப்புத் துண்டு வரைக்கும் இவளே சொல்லி முடித்தாள். சத்யகலா சொன்னாளா என்று கேட்டேன்.

“நீதான் எங்க எல்லாருக்கும் சொல்லிருக்க தாத்தா. நோட்டுல கூட இருக்கும், பாரு” என்று சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். ஒன்பதாம் தேதி இருந்தது. படித்தாள். பதினாலாம் தேதியும் அதே கதை இருந்தது. வார்த்தைகூட மாறவில்லை. அதையும் படித்தாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வயசானால் அப்படித்தான் என்றேன்.

பிறகு இவள் சிரிப்பு நின்றது. நடுவில் இருந்த பக்கத்தை மனசுக்குள் படித்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. என்ன கண்ணு என்றேன். சத்தமாகப் படித்தாள்.

பன்னிரண்டாம் தேதி, செவ்வாய். மழை. சன்னலோரப் பெட்டிகள் கதவோரம் வந்தன. கதவோரம் இருப்பது போகக் கூடாது. மூன்று தடவை சொன்னாள். ஒரு தடவை சொன்னால் போதாதா என்றேன்.

அது பொய் என்றேன். எனக்கு அப்படிக் கோபம் வந்தது. தப்பை மறைக்க அவள் பிறகு எழுதிச் சேர்த்திருக்கிறாள், எழுத்து தெரியாதவன் நோட்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா என்று கத்தினேன். கோமளா  நோட்டை என் பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினாள்.

“இது மாதேசக்கா கையெழுத்து தாத்தா. பதினாலாம் தேதி போட்டது. இந்தப் பக்கத்துக்கு அப்புறம்தான் கையெழுத்து இருக்குது. வண்டி போனது பதினெட்டு. சேக்கிறதுன்னா எப்படிச் சேப்பா?”

கையெழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மாதேஸ்வரி போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுழி அவளுடையதுதான்.

எனக்கு அந்தக் காலை ஞாபகம் இல்லை. மழை ஞாபகம் இல்லை. அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது ஞாபகம் இல்லை. எவ்வளவோ தேடிப் பார்க்கிறேன். மண்டியில் நாற்பத்திரண்டு பேரும் நிற்கிறார்கள், ஒவ்வொருவர் முகமும் தெரிகிறது, பன்னிரண்டாம் தேதி இல்லை.

இவ்வளவு நாளும் அந்தப் பக்கம் சத்யகலா கையில்தான் இருந்தது. நான் அவள்மேல் பழி போட்டதையும் அவளே எழுதினாள். மறப்பது சகஜம் என்று நான் தைரியம் சொன்னதையும் அவளே எழுதினாள்.

கோமளா, இதை அப்படியே எழுது. சத்யகலா என்னிடம் சொன்னாள். மூன்று தடவை சொன்னாள். மறந்தது நான்.

பாட்டிலில் தேதி குத்துகிற மைப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, கீழே கைநாட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

மாதேஸ்வரி வந்ததும் நோட்டை அவள் கையில் கொடுத்தேன். நின்றபடி படிக்க ஆரம்பித்தவள் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தடவை படித்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றிருந்தேன். ஓசூரில் மகன் ஒற்றை அறையில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறான், அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்று மனசைத் தயார்ப்படுத்தியிருந்தேன்.

“கையெழுத்துப் போட்டது நான்தான தாத்தா” என்றாள். “படிச்சுட்டுப் போட்டிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்.”

மேடத்துக்குப் போன் செய்து நடந்ததை எல்லாம் சொன்னாள். வேறு அறிக்கை எழுதித் தருகிறேன், இந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புகிறேன், உரிமம் போனாலும் பொய் போக வேண்டாம் என்றாள். போனில் மேடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் சரிங்க மேடம், சரிங்க மேடம் என்றுகொண்டிருந்தாள். கடைசியில், முதலில் அந்தப் பெண்ணைக் கூட்டி வா என்றாராம்.

ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு மாரண்டஅள்ளிப் பக்கம் சத்யகலா ஊருக்குப் போனாள். வீட்டு வாசலில் பை கட்டி வைத்திருந்தது. தட்டு, டம்ளர், ஒரு போர்வை. அவள் அண்ணன் மரியாதையாகத்தான் நாற்காலி போட்டான். ஆனால், மில்லுக்குப் பேர் கொடுத்தாயிற்று, உங்கள் இஷ்டத்துக்கு வா என்றால் வர, போ என்றால் போக என் தங்கச்சி என்ன கூலிக்காரியா என்று கேட்டான். கேட்டது நியாயம்தான்.  இவள் தப்பு இல்லை என்று நான் சொன்னேன். அவன் ஊர்க்காரர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். எனக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது என்று இந்த வாயால் முதல்முதலாகச் சொன்னது அங்கேதான்.

சத்யகலா உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரிந்தே ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

“மேடம் முன்னால உங்க முகத்தப் பாத்தன் தாத்தா. நிஜமாவே உங்களுக்குத் தெரியல. சொன்னா, உங்கள ஓசூருக்கு அனுப்பிருவாங்க. மில்லுல என் கட்டிலு எங்க கெடக்கும்னாவது எனக்குத் தெரியும். அங்க உங்களுக்கு என்ன தெரியும்?”

நான் மண்டியில் மூட்டை தூக்கியவன். அழுது பழக்கமில்லை. மாதேஸ்வரி பையைத் தூக்கி ஸ்கூட்டரில் மாட்டினாள். அண்ணன் தடுக்கவில்லை. இந்த ஆறு மாதம் முடியட்டும், பார்க்கலாம் என்றான். நான் பஸ்ஸில் திரும்பினேன். மாதேஸ்வரி நடத்துனரிடம் நான் இறங்கும் இடத்தைச் சொல்லி, டிக்கெட்டுக் காசைச் சில்லறையாகக் கொடுத்து ஏற்றிவிட்டாள். நான் இறங்கும் இடத்தை இன்னொருவரிடம் சொல்லி அனுப்புகிறாளே என்று இன்றைக்குக் கோபம் வரவில்லை.

வந்ததும், மேசைமேல் இருந்த சரக்கறைச் சாவியை எடுத்து சத்யகலாவிடமே கொடுத்தேன். இனி நான் பெட்டி ஏற்றுவதில்லை, காவல் மட்டும். டிரங்குப் பெட்டியைத் திறந்து, கரீம் பாய் போட்ட துண்டை எடுத்தேன். நைந்திருந்ததால் கையாலேயே கிழிந்தது. ஆகாத பெட்டிகள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டம் கட்டினேன். கோமளா பக்கத்தில் நின்று முடிச்சுப் போட விரல் கொடுத்தாள். 

எழுதுவது சத்யகலா. காலையில் கதவைத் திறப்பதற்கு முன்னால் நான் கைநாட்டு வைத்த செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று இவளிடம் சொல்லியிருக்கிறேன். நான் வேண்டாம் என்றாலும் படிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மில் பஸ் விடியற்காலை போய்விட்டது. எட்டு மணிக்கு சத்யகலா இங்கே இருந்தாள். கிடைக்காமல் இருந்த இரண்டு பாட்டிலில் ஒன்று திரும்பி வந்தது. சேலம் போன ஒருவர் திறக்காமலே கொண்டுவந்து கொடுத்தாராம். இன்னும் ஒன்று வரவில்லை.

காலையில் அறைக்கதவு திறந்ததும், கதவோரப் பெட்டிகளில் சிவப்புத் துணி கட்டியிருப்பதைப் பார்த்தேன். என் துண்டு. கரீம் பாய் போட்டது. யார் என் பெட்டியைத் திறந்தது, யார் கிழித்தது என்று கத்தினேன். கோமளா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

சத்யகலா பதறவில்லை. கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே படித்திருக்க வேண்டும், என் தப்பு தாத்தா என்றாள். நோட்டைப் பிரித்துச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தின் முதல் வரியிலிருந்து, துண்டைக் கிழித்த நேற்றைய பக்கம்வரை படித்தாள். ஓரிடத்தில் குரல் இறங்கியது. ஆனாலும் விடாமல் படித்தாள்.

நான் கைநாட்டு வைத்தது எப்போது என்று கேட்டேன். முந்தாநாள் என்றாள். நோட்டை என் மடியில் வைத்தாள். எழுத்துக்குக் கீழே ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. நடுவில் குறுக்கே ஒரு வெட்டு. மண்டியில் தராசுக் கொக்கி கிழித்த தழும்பு.

என் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஆமாம் என்றேன்.